பறக்கும் பாதத்தின் ஆறாவது விரல்

துப்பறியும் தொழிலுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வழக்கு, என் பெயர்ப்பலகையை யார் திருடினார்கள் என்பது. அது இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஆகவே திருவூடல் தெருவில் டயர்க் கடைக்கு மேலே இருக்கும் என் அறையை, பலகை இல்லாமலே ஒரு பெரியவர் விசாரித்துக் கண்டுபிடித்து வந்தபோது, துப்பறிவதில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர் என்று தோன்றியது.

"இங்க துப்பறியும் ஆதிமூலம்னு..."

"நான்தாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கட்டும். மீசை முளைக்கும் முன்பே செங்கல் சுமந்து, அப்புறம் கொத்து வேலை பார்த்துக் காய்ந்த உடம்பு இது. தபால் வழியில் துப்பறியும் பயிற்சி முடித்து வாங்கிய சான்றிதழை மாட்ட ஆணி அடித்தேன். சுவர் பெயர்ந்து விழுந்தது. அந்தச் சுவரைக் கட்டியவனும் நான்தான்.

"அவருதாங்க. நம்புங்க. மொதல்ல எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றாள் கன்னியம்மாள். என் உதவியாளர். நான் சாரத்தின் மேல் நின்ற காலத்தில் கீழே இருந்து கலவைச் சட்டி ஏற்றிக் கொடுத்தவள். வாயும் அப்போதே இப்படித்தான்.

பெரியவர் உட்கார்ந்தார். வெள்ளை ஜிப்பா, சாயம் போட்டு விட்டுவிட்ட தலைமுடி. "என் பேரு சக்கரபாணி. சினிமா டைரக்டர்."

கன்னியம்மாள் எழுந்தே விட்டாள். "அம்மன் நெருப்புல இருந்து ஏறி வருமே, அந்தப் படம் எடுத்தவரா? எங்கம்மா கொட்டாயிலேயே சாமி வந்து ஆடுச்சுங்க. முன்னாடி சீட்டுல சூடம் கொளுத்தி, சீட்டே பத்திக்கிச்சு."

"அந்தப் படம் இப்ப இல்லம்மா."

"இப்ப ஓடலையா?"

"இல்லவே இல்ல. ஓடி முடிஞ்ச பிரிண்டையெல்லாம் எடைக்குப் போட்டாங்க. வெள்ளியைப் பிரிச்சு எடுத்துக்கிட்டு, மிச்சத்தை வளையல் பண்ணிட்டாங்க. நாப்பது வருஷம் எடுத்த படம் அத்தனையும் யார் யாரோ கையில ஒடைஞ்சு போச்சு." அவர் இதைச் சொன்னபோது முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. பலமுறை சொல்லித் தேய்ந்த பேச்சு. அடுத்ததுதான் தயங்கி வந்தது. "கடைசியா போன வருஷம் ஒண்ணு எடுத்தேன். 'பறக்கும் பாதம்'. கராத்தே படம்."

நானும் கன்னியம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எழுபது வயசுல கராத்தே படம் எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"சட்டம் இல்லீங்க. எலும்பு இருக்குதில்ல" என்றாள் கன்னியம்மாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் விஷயம் சுலபமாக வந்தது. படம் மெட்ராஸில் வெள்ளிக்கிழமை போட்டு, செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டார்கள். முதல் நாள் இவர் போய்ப் பார்த்தபோது தியேட்டரில் இருந்தது இவர், ஆப்பரேட்டர், ஒரு பூனை. இப்போது ஒரு வீடியோ கம்பெனி அதைக் கேசட்டாக வெளியிட ஒத்துக்கொண்டிருக்கிறது. தயாரிப்பாளர் கையெழுத்துப் போட்டாயிற்று. இவர் கையெழுத்து மட்டும் பாக்கி. கம்பெனி ஆள் சக்கரவர்த்தி பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் வந்து இறங்கியிருக்கிறார்.

"கேசட் வந்துட்டா நாலு வீட்டு அலமாரியிலயாவது என் படம் ஒண்ணு இருக்கும். வளையல் பண்ண முடியாது பாருங்க" என்றார் சக்கரபாணி. "அந்த ஆளு நேத்து டீக்கடையில நின்னிருக்காரு. ரெண்டு பேரு, 'பறக்கும் பாதம் கேசட்டுல பாத்தோம்'னு பேசிக்கிட்டுப் போறாங்க. பிடிச்சுக்கிட்டாரு. திருட்டுக் கேசட் சுத்துற படத்துக்கு நான் எதுக்குனு. ஒண்ணு, கேசட்டையும் திருடனையும் கொண்டாந்து நிறுத்து, போலீஸ்ல குடுத்துட்டுக் கையெழுத்துப் போடலாம். இல்ல, அப்படி ஒரு கேசட்டே கெடையாதுன்னு விசாரிச்சவன் ஒருத்தன் வந்து சொல்லட்டும். ரெண்டும் இல்லைனா சாயங்காலம் மெட்ராஸ் பஸ் ஏறிடுவேன்னு சொல்லிட்டாரு."

"அவரு கேட்டது நெசமா?"

"நானே கேட்டேன். என் படத்து சண்டை மியூசிக். என் ரூமுக்கு நேர் கீழ, வீட்டுக்கார அம்மா ஹால்ல."

"எறங்கிப் போய்க் கேட்டிருக்கலாமே?"

பெரியவர் தரையைப் பார்த்தார். "அவங்க கோயில் குருக்கள் வீட்டு அம்மா. பக்திப் படம் எடுத்தவருனுதான் ரூமே குடுத்தாங்க. வெள்ளிக்கிழமை ஆனா சக்கரைப் பொங்கல் வருது. எட்டி ஒதைக்கிற படம் என்னுதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அய்யங்குளத் தெருவில் இருந்த அந்த வீட்டுக்கு நான் மாறுவேடத்தில் போவது என்று முடிவு செய்தேன். மாறுவேடம் என்றால் கையில் ஒரு ஸ்குரூ டிரைவர்.

"டிவி ரிப்பேருங்க" என்றேன், கதவைத் திறந்த சொர்ணாம்பாளிடம். மடிசார் கட்டி, கையில் மணைப்பலகை வைத்திருந்தார்.

"எங்காத்து டிவி நன்னாத்தானே இருக்கு?"

இதற்குப் பயிற்சிப் புத்தகத்தில் பதில் இல்லை. கன்னியம்மாள் முன்னால் வந்தாள். "கேசட்டு எப்பிடி இருக்குதுங்கம்மா?"

"கேசட்டுக்குத்தான் வந்தேளா? அதைச் சொல்ல வேண்டாமோ? உள்ள வாங்கோ" என்று கதவை அகலத் திறந்தார் சொர்ணாம்பாள். பின்னால் நின்ற சக்கரபாணியையும் பார்த்துவிட்டார். "நீங்களும் வந்து பாருங்கோ மாமா, இந்தக் கூத்தை. எங்க பேரனுக்குப் பூணூல் போட்டோமோல்லியோ, வேணுன்னு ஒரு வீடியோக்காரன் வந்து எடுத்தான். கேசட் குடுத்துட்டுப் போனான். சம்பந்தி, ஓர்ப்படி எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சுப் போட்டா, ஒருத்தன் ஒருத்தனை எட்டி உதைக்கிறான்."

"ஒடனே நிறுத்திட்டீங்களாம்மா?"

"எப்படி நிறுத்தறது? அடி வாங்கினவன் செத்தானா பொழைச்சானான்னு தெரிய வேண்டாமா? முழுக்கப் பாத்தோம்."

டெக்கில் கேசட் ஏறியது. டைட்டில் ஓடியது. 'டைரக்‌ஷன்' என்று எழுத்து வந்தது. அதன் கீழே பெயர் வரவேண்டிய இடத்தில், தலையில் முறுக்குத் தட்டு வைத்த ஒருவன் திரைக்கும் கேமராவுக்கும் நடுவே சாவகாசமாக நடந்து போனான். அவன் போய் முடித்தபோது பெயரும் போய் முடிந்திருந்தது.

"எடுத்தவன் யாரோ தெரியலை" என்றார் சொர்ணாம்பாள். "கதை கிதை ஒண்ணும் கிடையாது. அந்தக் கால் மட்டும்தான் பாக்கறாப்ல இருக்கு."

சக்கரபாணி தூணைப் பிடித்துக்கொண்டார். நான் என் கண்டுபிடிப்பை வெளியிட்டேன்.

"இது சிங்கப்பூர் கும்பல். தேட்டர்ல கேமராவை ஒளிச்சு வெச்சு எடுக்கறதுல அவங்கதான்..."

"சிங்கப்பூர்ல மண்ணுல குந்திக்கினு பீடி குடிச்சுக்கினா படம் பாக்கறாங்க?" என்றாள் கன்னியம்மாள்.

பார்த்தேன். திரையின் கீழ் ஓரத்தில் மணல் தெரிந்தது. மணலில் தலைகள். ஏதோ டூரிங் கொட்டகை. சிங்கப்பூரை விட்டுவிட்டேன்.

அடுத்த காட்சியில் கதாநாயகனின் தாய் சாகிறாள். கேமரா அதைப் பார்க்கவில்லை. திரையை விட்டுத் திரும்பி, உட்கார்ந்திருந்தவர்களை வரிசையாக ஒவ்வொரு முகமாக எடுத்தது. வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த கிழவர் மெல்லுவதை நிறுத்தி நிமிர்ந்தார். ஒரு பெண் முந்தானையைச் சரி செய்து, மடியில் இருந்த குழந்தையின் முகத்தைத் துடைத்துக் கேமராவுக்குக் காட்டினாள். எல்லோரையும் ஒரு சுற்று முடித்த பிறகுதான் கேமரா திரைக்குத் திரும்பியது. அதற்குள் தாயைப் புதைத்திருந்தார்கள்.

"இது கல்யாண வீடியோக்காரன் வேலைதாண்ணா" என்றாள் கன்னியம்மாள். "சொந்தத்துல ஒருத்தரை வுட்டாலும் சண்டை வரும்னு பயந்து பயந்து எடுத்திருக்கான். காசுக்குத் திருடறவன் படத்தைத்தான் எடுப்பான். இவன் சொந்தக்காரங்களை எடுத்திருக்கான்."

"அப்ப வேணுதான் திருடன்."

"வேணு கூலிக்கு எடுத்தவன்ணா. எடுக்கச் சொன்னது யாருன்னு பாரு."

சண்டை தொடங்கியது. இங்கே கேமரா வேறு மாதிரி நடந்துகொண்டது. கதாநாயகன் முகம் வந்தால் சட்டை செய்யவில்லை. கால் மேலே எழும்பினால் போதும், ஓடிப்போய் அந்தக் காலை மட்டும் டிவி முழுக்கக் கொண்டுவந்து நிறுத்தியது. ஒவ்வொரு உதைக்கும் இதே மரியாதை.

கன்னியம்மாள் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். "அம்மா, அப்பிடியே நிறுத்துங்க."

சொர்ணாம்பாள் பொத்தானை அழுத்தினார். கால் அந்தரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது.

"எண்ணுண்ணா."

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். என்னிடம் பூதக்கண்ணாடி இருக்கிறது. வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"ஆறு" என்றார் சொர்ணாம்பாள், எனக்கு முன்னால். "சுண்டுவிரலுக்குப் பக்கத்துல இன்னொண்ணு ஒட்டிண்டிருக்கு."

"இப்ப ஓட்டுங்க. ஹீரோ தரையில நிக்கறான் பாருங்க. அஞ்சு. காலு மேல போனா ஆறு வெரலு, கீழ வந்தா அஞ்சு" என்றாள் கன்னியம்மாள். "கேமராக்காரனுக்கு எந்தக் காலு யாருதுன்னு தெரிஞ்சிருக்குது. சொல்லி எடுக்க வெச்சிருக்காங்க."

சக்கரபாணி எங்களை நடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"சென்சார் கண்ணுல படல. பத்திரிகைக்காரன் கண்ணுல படல" என்றார் தாழ்ந்த குரலில். "ஹீரோ, தயாரிப்பாளரோட அக்கா மகன். இடுப்புக்கு மேல அவனுக்குக் கால் போகாது. மலைக்குப் பின்னால ஷூட்டிங் நடக்கறப்ப ஒருத்தன் வேடிக்கை பாக்க வந்தான். கீழ்பென்னாத்தூர் இராமலிங்கம். பகல்ல வேர்க்கடலை மூட்டை தூக்கறவன், கோயில் கூத்துல பீமன் வேஷம் கட்டிச் சுத்திச் சுத்தி ஆடறவன். கால் தலைக்கு மேல போகுது. படத்துல இருக்கற எல்லாக் காலும் அவனோடது. வெளிய சொல்லக் கூடாதுன்னு தயாரிப்பாளர் சத்தியம் வாங்கினாரு. டைட்டில்ல பேரு கெடையாது."

"அப்ப திருடன் இராமலிங்கம்" என்று அறிவித்தேன். இரண்டு முறை தவறியவனுக்கு மூன்றாவது கண்டிப்பாகப் பொருந்தும் என்பது என் கணக்கு.

சொர்ணாம்பாள் கேசட்டை என் கையில் கொடுத்தார். "இதைக் கொண்டுபோய் யாருதோ அவாகிட்ட குடுத்துட்டு, எங்க பூணூலை வாங்கிண்டு வாங்கோ. டிவி ரிப்பேர் தெரியாட்டா போறது, இதையாவது பண்ணுங்கோ."

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பெரியவருக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது. கேசட்டை நான் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, இராமலிங்கத்தை எப்படி மடக்குவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். கால் தலைக்கு மேலே போகிறவனை மடக்குவது பற்றியும் பயிற்சிப் புத்தகத்தில் எதுவும் இல்லை.

இராமலிங்கத்தின் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாசலில் பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி. மகளுக்குக் காது குத்து. பந்தலுக்குள் மேசை மேல் வாடகை டிவியும் டெக்கும். அதன் எதிரே பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. டிவியில் அய்யங்குளத் தெருக் குருக்கள் வீட்டுப் பூணூல் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

ஓமப் புகை. மந்திரம். ஜனங்கள் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போது உதை வரும் என்று காத்திருக்கிற முகங்கள்.

"இன்னா மாப்ள, உன் காலு எங்க?" என்று முன்வரிசையில் இருந்து ஒருவர் கேட்டார். சரிகைத் துண்டு, மடியில் காது குத்துகிற குழந்தை. தாய்மாமன் அப்பாதுரை. "இந்த ஐயரு பையனுக்கும் நீதான் காலு குடுத்தியா?"

பந்தல் சிரித்தது. மூலையில் நின்ற உயரமான ஆள் சிரிக்கவில்லை. செருப்பில்லாத கால்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மறைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவன் மனைவி சரோஜா, டெக் வாடகைக்குக் கொண்டுவந்தவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"தே, அந்த வேணு கையில கெடைச்சான்னா தெரியும். எங்க கேசட்டை எவனுக்குக் குடுத்தான்?"

இதுதான் சமயம். நான் பந்தல் நடுவில் போய் நின்றேன்.

"யாரும் எடத்தை விட்டு அசையாதீங்க. நான் துப்பறியும் ஆதிமூலம்."

யாரும் அசையவில்லை. ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். பந்தி பரிமாறுகிறவர் மட்டும் வந்து என் கையில் இலையைக் கொடுத்தார். "பொண்ணூட்டுச் சொந்தமா? அந்தப் பக்கம் குந்துங்க, சாம்பார் வருது."

கையில் இலையோடு கைது செய்வது கஷ்டம். இருந்தாலும் சட்டைக்குள் இருந்து கேசட்டை எடுத்துக் காட்டினேன். "இந்தத் திருட்டுக் கேசட் யாருது?"

சரோஜா பாய்ந்து வந்தாள். "எங்குளுது. குடுங்க."

இவ்வளவு வேகமாக ஒப்புக்கொள்கிற குற்றவாளியை நான் எதிர்பார்க்கவில்லை. "ஏம்மா, அது திருட்டுக் கேசட்டு."

"திருட்டு இன்னாங்க திருட்டு? காலு எங்குளுது."

"படம் அவங்களுது."

"காலை எடுத்துட்டா அந்தப் படத்துல இன்னாங்க இருக்குது?"

என் பின்னால் சக்கரபாணி இருமினார்.

"கேளுங்க" என்றாள் சரோஜா. குரல் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. "நான்தான் படத்துல ஒதைக்கறேன்னு ஊட்டுக்காரரு சொன்னாரு. எங்கண்ணன் நம்பல. கொட்டாய்ல படம் வந்தப்போ இட்டுனு போய்க் காட்டுனோம். காலு மேல போறதுக்குள்ள கீழ வந்துடுது, மொகம் வேற ஆளுது. பொய்யி, பொய்யினு ஊரே பேசிச்சு. கல்லு ஒடைக்கறவன் கல்லு ஒடைக்கறேன்னு சொன்னா நம்பறாங்க, இவரு ஒதைச்சேன்னு சொன்னா சிரிக்கறாங்க. கேசட்டுனா நிறுத்திக் காட்டலாம் இல்ல? அதுக்குத்தான் வேணுவைக் கூப்ட்டேன். கொட்டாய்க்காரரு எங்க சொந்தம். ஒரே ஒரு கேசட்டு. இன்னிக்கு எல்லாரும் வர்ற நாளுன்னு வெச்சிருந்தேன். மந்திரம் ஓடுது."

இராமலிங்கம் அதற்குள் பெரியவரை அடையாளம் கண்டுகொண்டான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "ஐயா, உங்களுக்கு சத்தியம் பண்ணேன். ஊர்ல ஒருத்தருகிட்டயும் சொல்லல. ஊட்டுலதான் சொன்னேன். எடுத்துனு போங்க. போலீஸுன்னா நான் வர்றேன், அவளை வுட்டுடுங்க."

"யாரு மாப்ள இது?" என்று அப்பாதுரை குரல் கொடுத்தார். "டைரக்டருன்னு சொல்லி யாரையோ ஜிப்பா போட்டு இட்டாந்துட்டியா? நல்லாத்தான் கீறாரு. கூத்துல கட்டியக்காரனா சேத்துக்க."

மறுபடி சிரிப்பு. சக்கரபாணி அந்தச் சிரிப்பைக் கேட்டபடி நின்றார். பிறகு என் கையில் இருந்த கேசட்டை வாங்கிக்கொண்டு மேசையிடம் போனார். பூணூலை வெளியே எடுத்தார். 'பறக்கும் பாத'த்தை உள்ளே தள்ளினார். சாட்சிப் பொருளைக் குற்றவாளியின் வீட்டிலேயே போட்டுக் காட்டுகிற துப்பறிபவன் நானாகத்தான் இருப்பேன்.

முறுக்குத் தட்டு போனது. தாய் செத்தாள். கால் எழும்பியது.

"நிறுத்து" என்றார் சக்கரபாணி. படப்பிடிப்பில் சொல்கிற குரல். டெக்காரன் பயந்து நிறுத்தினான். "இராமலிங்கம், இங்க வா. ஸ்டூல் மேல காலை வை."

அவன் வைத்தான். மூட்டை தூக்கி அகன்ற பாதம், வெடித்த குதிகால். டிவியில் அந்தரத்தில் நடுங்குகிற பாதமும் அதுவும் ஒரு முழ இடைவெளியில் இருந்தன.

அப்பாதுரை குழந்தையை இறக்கிவிட்டு எழுந்து வந்தார். குனிந்து டிவியில் எண்ணினார். ஸ்டூலில் எண்ணினார். விரலை வைத்துத் தொட்டுக்கூட எண்ணினார். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"மாப்ள" என்றார் கடைசியில். "பொண்ணு குடுத்து இத்தினி வருஷம் ஆவுது. இந்த ஆறாவது வெரலு என் கண்ணுல படவே இல்ல பாரு." தன் சரிகைத் துண்டை எடுத்து இராமலிங்கத்தின் தோளில் போட்டார்.

அதற்குப் பிறகு யாரையும் அடக்க முடியவில்லை. ஒவ்வொரு உதையையும் நிறுத்தி, திருப்பி, மறுபடி போடச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் விசில். காது குத்த வந்த ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு மறந்தே போனார். கால் வராத இடங்களில் கூட்டம் தன் முகத்தையே டிவியில் தேடிப் பிடித்துக் கூச்சலிட்டது. பந்தக்கால் ஓரமாக நின்ற சக்கரபாணி டிவியைப் பார்க்கவில்லை. அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெட்ராஸ்ல பூனைகூட பாதியில எழுந்து போச்சு" என்றார் என்னிடம்.

படம் முடிந்ததும் சரோஜா கேசட்டை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் ஐயா. கம்பெனி போடற கேசட்டுல இவரு பேரு வருங்களா?"

"வராதும்மா. தயாரிப்பாளர் விடமாட்டாரு."

"அப்ப இதைக் குடுக்க மாட்டேன்."

பெரியவர் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இந்தக் கேசட்டுல என் பேரு இல்ல, முறுக்குதான் இருக்குது. அந்தக் கேசட்டுல அவன் பேரு இருக்காது. எனக்கு ரெண்டு கேசட்டும் வேணும். இது இங்கயே இருக்கணும். அதுவும் வெளிய வரணும். ஏதாவது பண்ணுங்க."

"எப்பிடிங்க? திருடனைக் குடுக்கணும், இல்ல கேசட்டே கெடையாதுன்னு சொல்லணும். ஊரே பாத்த கேசட்டை எப்பிடி இல்லைனு சொல்றது?"

"சுலபம்தாண்ணா" என்றாள் கன்னியம்மாள். "துப்பறியப் போனேன், ஒண்ணும் கெடைக்கலைனு சொல்லு. உன் மொகத்தைப் பாத்தா நம்புவாங்க."

நான் தொழிலுக்கு வந்து முழுதாகக் கண்டுபிடித்த முதல் வழக்கு இது. பலகை வழக்கையும் சேர்த்துப் பார்த்தாலும், கண்டுபிடித்தது இது ஒன்றுதான். அதை நானே போய்த் தோற்றதாகச் சொல்ல வேண்டும். சக்கரவர்த்தி மெட்ராஸ்காரர். அவர் வாய் வழியே என் பெயர் எங்கெல்லாம் போகுமோ. சரோஜாவின் முந்தானையைப் பார்த்தேன். பந்தலில் இன்னும் ஸ்டூல் மேல் கால் வைத்தபடி ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் விரலைக் காட்டிக்கொண்டிருக்கிற இராமலிங்கத்தைப் பார்த்தேன்.

"சரி" என்றேன்.

புறப்படும் முன் சக்கரபாணி சரோஜாவிடம் கேசட்டைக் கேட்டு வாங்கினார். அவள் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேதான் கொடுத்தாள். அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் பேனாவால் 'சண்டைக் கால்கள்: இராமலிங்கம், கீழ்பென்னாத்தூர்' என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பூணூல் கேசட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

லாட்ஜில் சக்கரவர்த்தி பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். தடித்த கண்ணாடி, பனியன்.

"என்ன மிஸ்டர், திருடன் எங்க?"

"திருடன் இல்லைங்க. கேசட்டும் இல்லைங்க."

"டீக்கடையில என் ரெண்டு காதால கேட்டேனே. கேசட்டுல பாத்தோம்னாங்களே."

நான் பூணூல் கேசட்டை நீட்டினேன். "விசாரிச்சதுல கெடைச்சது இதுதாங்க."

வரவேற்பறையில் இருந்த டெக்கில் அவரே போட்டுப் பார்த்தார். ஓமம் எரிந்தது. பையன் குனிந்தான், நிமிர்ந்தான், கையை நீட்டினான், மடக்கினான். சக்கரவர்த்தி வெகுநேரம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதைப் பாத்துட்டு எவனோ கராத்தேன்னு நெனைச்சு, 'பறக்கும் பாதம்'னு சொல்லியிருக்கான். அப்படித்தானே?"

"அப்பிடித்தாங்க. எனக்கும் முதல்ல கராத்தேன்னுதான் பட்டுச்சு. அந்தப் பையன் கையை இப்பிடி வெக்கறான் பாருங்க..." நான் வைத்துக் காட்டினேன்.

லாட்ஜ் கணக்குப்பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாதி நாள் சுத்திட்டு, ஐயர் வீட்டுப் பூணூலைக் கண்டுபிடிச்சுக்கிட்டு வந்திருக்கே."

"ஆமாங்க."

"உன்னை மாதிரி நாலு பேரு இருந்தா இந்த நாட்டுல திருடனுங்க பெண்டாட்டி புள்ளைங்களோட நிம்மதியா இருப்பானுங்க" என்றார். பிறகு சக்கரபாணியிடம், "இந்த ஆளை எங்க சார் புடிச்சீங்க?" என்று கேட்டார்.

"வேற ஆளு கெடைக்கல" என்றார் சக்கரபாணி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

சக்கரவர்த்தி சிரித்துக்கொண்டே மாடி அறைக்குத் திரும்பி, பெட்டியை மறுபடி திறந்து ஒப்பந்தத்தை எடுத்தார். இவ்வளவு மடையன் விசாரித்தும் ஒன்றும் அகப்படவில்லை என்றால் ஒன்றும் இருக்காது என்று அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பெரியவர் கையெழுத்துப் போட்டார்.

மாடிப்படியில் இறங்கும்போது அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "ஆதிமூலம், நாப்பது வருஷமா எத்தனையோ நடிகனைப் பாத்தாச்சு. மக்கு மாதிரி நடிக்கறதுதான் ரொம்பக் கஷ்டம். அந்த முழி, அந்தத் தடுமாத்தம், கையை வெச்சுக் காட்டினீங்களே, அது. பிரமாதமா நடிச்சீங்க."

"நடிக்கலீங்க" என்றேன். "யாராச்சும் கேள்வி கேட்டா எனக்கு எப்பவும் அப்பிடித்தான் வரும்."

அவர் சிரித்தார், தன்னடக்கம் என்று நினைத்து. நான் கன்னியம்மாளைப் பார்த்தேன். அவள் படியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னது பொய் என்றால், அவள் வாய் சும்மா இருந்திருக்காது.